பழத்தில் ருசி, தயிரில் பலம்

தன்னாமுனைக் குசினியில் ஒரு புரத ஸ்மூதி: வாவியின் இரு கரைகளும் தருகிற பொருள்களே போதும்

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே போகிறவருக்குச் சத்துருக்கொண்டான் கடந்ததும் தன்னாமுனை வரும். மேற்குப் பக்கம் வாவி. கிழக்குப் பக்கம் மணல் நிலம், தென்னை, முந்திரிகை, அப்பால் சவுக்கடிக் கடல். அதே வீதியில் இன்னும் கொஞ்சத் தூரம் போனால் மயிலம்பாவெளி, ஏறாவூர், செங்கலடி. கடைவாசல்களில் தயிர்ச்சட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். கச்சான் வறுபடும் வாசம் வரும். வேலிக்குள் எட்டிப் பார்த்தால் பப்பாளியும் வாழையும் காய்த்து நிற்கும்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் இப்போது புரொட்டீன் ஸ்மூதி கேட்கிறார்கள். கேட்பதில் பிழையில்லை. வளருகிற பிள்ளைக்கும், வயலிலும் வள்ளத்திலும் முறிகிற உடம்புக்கும், வயதாகித் தளர்கிற தசைக்கும் புரதம் வேண்டும்தான். ஆனால் அதற்கென்று விலைகூடிய இறக்குமதிப் பொடியைத்தான் வாங்க வேண்டும் என்று நம்புவது காசுக்கு நட்டம். பழத்தை மட்டும் அடித்துக் குடித்துவிட்டுப் புரதம் கிடைத்துவிட்டது என்று நினைப்பது உடம்புக்கு நட்டம்.

நல்ல புரத ஸ்மூதிக்கு வேண்டிய எல்லாம் மட்டக்களப்பு வாவியைச் சுற்றியே விளைகின்றன. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை வளவுகளில் பழம். மேற்கே படுவான்கரையில் பாலும் பயறும். அவற்றை எப்படிச் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது, எதில் கவனமாக இருப்பது என்பதைப் பார்ப்போம். அந்தக் குவளை நாளைக்கும் கிடைக்க வேண்டுமென்றால் குசினிக்கு வெளியே எதைக் காக்க வேண்டும் என்பதையும் பேசாமல் விட முடியாது.

புதுப் பெயர், பழைய சாப்பாடு

சோற்றில் தயிரை ஊற்றி, வாழைப்பழத்தைப் பிசைந்து, கொஞ்சம் சீனி தூவிச் சாப்பிடுவது மட்டக்களப்பில் தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் உள்ள பழக்கம். விருந்துச் சாப்பாடு தயிரில்தான் முடியும். கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் முதலில் கொடுப்பது பாலும் பழமும். இருமல் பிடித்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் முட்டைக் கோப்பி அடித்துக் கொடுத்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. பாலில் வரும் புரதத்தையும் பழத்தின் இனிப்பையும் ஒன்றாகச் சேர்க்கும் அறிவு நமக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. பிளெண்டர் வந்ததால் அது குடிக்கிற பதத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு புரதம் தேவை?

சுகதேகியான வளர்ந்தவர் ஒருவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய அமைப்பும் ஏற்றுக்கொண்ட அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது நாளுக்கு 50 கிராம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தசை தேய்வதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நல்லது என்று முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்கிறார்கள். பாரமான உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கும் தேவை கூடும்.

மீனும் பருப்பும் முட்டையும் நாள்தோறும் தட்டில் இருக்கிற வீட்டில் இந்த அளவு பெரும்பாலும் தானாகவே நிறைந்துவிடும். வாவிக் கரையில் இறாலும் மீனும் வாங்க முடிகிற குடும்பம் ஸ்மூதியை நம்பி இருக்கத் தேவையில்லை. குறைவு விழுவது காலைச் சாப்பாட்டில்தான். பாணும் தேநீரும், பிட்டும் சம்பலும் என்று ஓடிப்போகிற காலையில் மாச்சத்து நிறைய இருக்கும், புரதம் கொஞ்சமாகத்தான் இருக்கும். பள்ளிக்கு ஓடுகிற பிள்ளை, வேலைக்கு ஓடுகிற தாய், பல் விழுந்து மென்று சாப்பிட முடியாத அம்மம்மா ஆகியோருக்குத்தான் இந்தக் குவளை பெரிய உதவி. ஒரு வேளையில் 15 முதல் 20 கிராம் புரதம் சேர்ந்தால் அது நல்ல காலைச் சாப்பாடு.

பழத்தில் புரதம் இல்லை என்பதை ஒப்புக்கொள்வோம்

100 கிராம் மாம்பழத்தில் உள்ள புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. பப்பாளியிலும் அன்னாசியிலும் அரைக் கிராம் அளவுதான். வாழைப்பழத்தில் ஒரு கிராம் சொச்சம். கொய்யாவில் இரண்டரைக் கிராம். தேங்காய்ப்பாலில் இரண்டு கிராம் போல இருக்கும். அதில் நிறைந்திருப்பது கொழுப்பு. இளநீரில் புரதம் இல்லை என்றே சொல்லலாம்.

பழத்தின் வேலை வேறு. மாம்பழத்திலும் பப்பாளியிலும் உள்ள மஞ்சள் நிறச் சத்தை உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். கொய்யாவும் பப்பாளியும் விற்றமின் சி தரும். எல்லாப் பழமும் நார்ச்சத்துத் தரும். தவிர, வெறும் பயத்தம் மாவைக் கரைத்துக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் குடிக்காது. பழம் சேர்ந்தால் குடிக்கும். இதுவே பெரிய வேலை.

அப்படியானால் பலம் எங்கிருந்து வருகிறது? ஒன்று தயிர். மற்றது பயறும் கச்சானும்.

சட்டித் தயிர்

எருமைப் பாலில் பசுப் பாலைவிடப் புரதமும் கொழுப்பும் கூட. பசுப் பாலில் 100 கிராமுக்கு மூன்று கிராம் சொச்சம் புரதம் என்றால் எருமைப் பாலில் நான்கு கிராமை எட்டும். கொழுப்பு ஏழு கிராமுக்கு மேல் போகும். பாலைக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முதல்நாள் தயிரில் கொஞ்சம் உறை இட்டு, மண்சட்டியில் ஊற்றி வைக்கிறார்கள். பாலிலுள்ள லக்டோஸ் எனும் இனிப்பை நுண்ணுயிர்கள் புளிப்பாக மாற்றுகின்றன. புளிப்பு ஏற ஏறக் கேசீன் என்ற பால் புரதம் ஒன்றோடொன்று பிணைந்து கட்டியாகிறது. மண்சட்டி நீரைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால் தயிர் இன்னும் இறுகுகிறது. சட்டியைச் சரித்தாலும் வழியாத தயிர் அப்படித்தான் வருகிறது.

ஜிம் கடைகளில் விற்கும் பொடிகளில் பெரும்பாலானவை வே புரதம். பாற்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து அதைப் பிரித்துக் காயவைத்துப் பொடியாக்குகிறார்கள். பாலில் உள்ள புரதத்தில் சுமார் ஐந்திலொரு பங்கு இந்த வகை, மீதி கேசீன். நன்றாகக் காய்ச்சிய பாலில் உறைந்த தயிரில் வே புரதத்தின் பெரும்பகுதி கேசீனோடு ஒட்டிக்கொண்டு கட்டிக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே நமது சட்டித் தயிரில் இரண்டும் இருக்கின்றன.

இன்னும் அடர்த்தி வேண்டுமென்றால் தயிரைச் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, பிறிட்ஜுக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் மூன்று நான்கு மணித்தியாலம் தொங்கவிடலாம். நீர் வடிந்து தயிர் பாதியளவாகச் சுருங்கும்போது அதே எடையில் புரதம் ஏறக்குறைய இரட்டிக்கும். வடிந்த நீரில் புரதம் கொஞ்சந்தான். அதில் உப்புச் சத்துகள் இருப்பதால் மோரோடு சேர்த்துக் குடிக்கலாம்.

பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர்களுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். லக்டோஸின் ஒரு பகுதி உறையும்போதே குறைந்துவிடுவதுதான் காரணம்.

கச்சான், பயறு, முந்திரிகை

100 கிராம் கச்சானில் சுமார் 25 கிராம் புரதம். காய்ந்த பயற்றிலும் அதற்குச் சற்றுக் குறைவாக அவ்வளவுதான். முந்திரிகைப் பருப்பில் 18 கிராம். எள்ளிலும் அதேயளவு. சோயா அவரையில் 36 கிராம். வாவியைச் சூழ்ந்த நிலத்தில் கச்சானும் பயறும் கௌப்பியும் பயிராகின்றன. மணற்பாங்கான கரையோரத்தில் முந்திரிகை நிற்கிறது.

வீட்டில் செய்கிற புரதப் பொடி நமக்குத் தெரிந்ததுதான். பயத்தம் பணியாரத்துக்குச் செய்வதுபோலப் பயற்றை இளஞ்சூட்டில் வாசம் வரும்வரை வறுத்து, கோது நீக்கி, மா ஆக்க வேண்டும். அரிசி, பயறு, கடலை, உழுந்து, சோயா, குரக்கன் என்று கலந்து வறுத்துத் திரித்தால் அதற்குப் பெயர் சத்துமா. வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பெண்கள் அதை வீட்டில் செய்து விற்றுக் குடும்பம் நடத்துகிறார்கள். புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் தானியத்தில் குறைவாக இருப்பது பயற்றில் இருக்கும். பயற்றில் குறைவாக இருப்பது தானியத்திலும் எள்ளிலும் இருக்கும். ஒன்றோடொன்று சேரும்போதும், தயிர் சேரும்போதும் அந்தக் குறை நீங்கும். தாவரப் புரதம் தரம் குறைந்தது என்று ஒதுக்குகிறவர்களுக்கு இதுதான் பதில்.

நம் நாட்டு அரசாங்கமே இந்த வழியில் 1973இலிருந்து திரிபோஷா கொடுத்து வருகிறது. சோளம், சோயா, பால்மா சேர்ந்த அந்த மா கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் உரியது. கிளினிக்கில் கிடைத்த பையை உரியவர் சாப்பிட வேண்டும். வீட்டிலுள்ள மற்றவர்களுக்குச் சத்துமா இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, மா நன்றாக வறுத்துத் திரித்ததாக இருக்க வேண்டும். பச்சைச் சோயாவிலும் பச்சைப் பயற்றிலும் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் உண்டு; சூடுதான் அவற்றை அடக்கும். வறுக்காத மா என்றால் முதலில் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த கச்சானை ஒருபோதும் போடக்கூடாது. அதில் உண்டாகும் அஃப்லடொக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. நிறம் மாறியது, சுருங்கியது, கசப்பது எதையும் தயங்காமல் எறியுங்கள். மாரி காலத்தில் கச்சானைக் காற்றுப் புகாத போத்தலில் வையுங்கள்.

அடிப்படைச் செய்முறை: ஒருவருக்கு

கட்டித் தயிர் 150 கிராம் (சிறிய கோப்பை ஒன்று)
நன்கு பழுத்த கதலி வாழைப்பழம் 2
வறுத்துக் கோது நீக்கிய கச்சான் 25 கிராம் (ஒரு கைப்பிடி)
வறுத்த பயத்தம் மா அல்லது சத்துமா 2 மேசைக்கரண்டி
கொதித்தாறிய நீர் 100 மில்லிலீற்றர்
ஏலக்காய்த் தூள் ஒரு சிட்டிகை, உப்பு அதனிலும் குறைவாக

வாழைப்பழத்தை முதல்நாள் இரவே துண்டாக்கி மூடிய பாத்திரத்தில் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உறைந்த வாழைப்பழம் அடிபடும்போது ஐஸ்கிறீம்போலத் திரண்டு வரும். ஐஸ்கட்டி போட வேண்டியதில்லை. ஐஸ் கரைந்து சுவை நீர்த்துப்போவதும் இல்லை.

பிளெண்டரில் முதலில் கச்சானை நீரோடு அடித்து விழுதாக்குங்கள். கச்சான் மசிந்த பிறகு மா, அதன்பின் பழம், கடைசியில் தயிர். தயிரை முதலிலேயே போட்டு நீண்ட நேரம் அடித்தால் வெண்ணெய் திரண்டு மேலே மிதக்கும். எருமைத் தயிரில் இது சீக்கிரம் நடக்கும். அதனால் தயிர் சேர்த்தபின் சில நொடிகள் போதும். வடிகட்ட வேண்டாம். வடிகட்டினால் நார்ச்சத்து சல்லடையில் தங்கிவிடும்.

இந்தக் குவளையில் தயிரிலிருந்து ஆறு ஏழு கிராம், கச்சானிலிருந்து ஆறு கிராம், மாவிலிருந்து நான்கு கிராம், பழத்திலிருந்து ஒரு கிராம் என்று 17 கிராமுக்குக் குறையாமல் புரதம் சேரும். துணியில் வடித்த தயிர் என்றால் 20 கிராமைத் தாண்டும். கூடவே 400 கலோரிக்கு மேல் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. இது ஒரு வேளைச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்து, அதற்குமேல் இதையும் குடித்தால் எடைதான் ஏறும்.

பருவத்துக்கு ஒரு குவளை

*மாம்பழக் காலம்.* வாழைப்பழத்துக்குப் பதில் ஒரு சிறிய மாம்பழம். கறுத்தக் கொழும்பான், விலாட்டு எதுவானாலும் நார் குறைந்ததாகப் பாருங்கள். கச்சானுக்குப் பதில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்த முந்திரிகைப் பருப்பு போட்டால் வழுவழுப்பாக வரும். மாம்பழத்தின் மஞ்சள் சத்தை உடல் உறிஞ்சக் கொழுப்பு வேண்டும். எருமைத் தயிரில் அது இருக்கிறது.

*விளாம்பழம்.* விளாம்பழத்தைத் தேங்காய்ப்பாலோடும் கருப்பட்டியோடும் கரைத்துக் குடிப்பது இந்தத் தீவின் பழைய வழக்கம். நம் கணக்குக்கு அதில் பயத்தம் மா மூன்று மேசைக்கரண்டி சேர்த்துக் கருப்பட்டியைப் பாதியாக்குங்கள். கூழை மத்தால் கடைந்து, விதையை வடித்துவிட்ட பிறகு பிளெண்டரில் போட வேண்டும். விதை உடைந்தால் கசக்கும். விளாம்பழத்தின் புளிப்பில் பசுப்பால் திரிந்துபோகும், தேங்காய்ப்பாலே பொருத்தம்.

*முந்திரிகைப் பழம்.* பருப்பை எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியில் விட்டுவிடுகிறோம். தோடம்பழத்தைவிட விற்றமின் சி கூடிய பழம் அது. தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்புத்தான் தடை. அதிலுள்ள தனின் என்ற பொருள் வாயின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அந்தத் துவர்ப்பு. தயிர் சேர்த்தால் தனின் தயிர்ப் புரதத்தோடு சேர்ந்துகொள்ளும், துவர்ப்பு அடங்கும். பழத்தைக் கழுவி, அரிந்து, உப்புநீரில் சிறிது நேரம் ஊறவைத்துப் பிழிந்து சேருங்கள். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். கொட்டையைப் பழத்திலிருந்து திருகி எடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

*கொய்யா.* விதையுள்ள கொய்யாவை முதலில் அடித்து வடித்துவிட்டுத் தயிரோடு சேர்க்கலாம். வடிகட்ட வேண்டாம் என்றதற்கு விதிவிலக்கு விளாம்பழமும் இதுவுந்தான். தேசிக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி சேர்த்தால் சுவை எழும்பும்.

கசப்பு எங்கிருந்து வருகிறது?

பப்பாளியோ அன்னாசியோ போட்டுத் தயிரில் அடித்து, பிறகு குடிக்கலாமென்று பிறிட்ஜில் வைத்துவிட்டு எடுத்தால் கசக்கும். தயிர் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. தயிரில் பிழையில்லை. பப்பாளியில் பப்பேன், அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதிகள் இருக்கின்றன. இவை புரதத்தை வெட்டும். இறைச்சி மெத்தென்று வேகட்டும் என்று பச்சைப் பப்பாளித் துண்டைச் சட்டியில் போடுகிறோமே, அங்கே நடக்கும் அதே வேலை இங்கே பால் புரதத்தில் நடக்கிறது. வெட்டுப்பட்ட துண்டுகளில் சில நாக்குக்குக் கசக்கும்.

அடித்த உடனே குடித்துவிட்டால் கசப்பு வர நேரமிருக்காது. பப்பாளி நன்றாகப் பழுத்திருந்தால் நொதியும் குறைந்திருக்கும். அன்னாசிக்கு அது போதாது. பழுத்த பின்னும் நொதி வலுவாக இருக்கும். துண்டுகளைச் சில நிமிடம் ஆவியில் அவித்து ஆறவைத்துச் சேர்த்தால் சூட்டில் நொதி செயலிழந்துவிடும். புரதச் சத்து இதனால் வீணாவதில்லை. வயிற்றில் நடக்க வேண்டியது குவளையிலேயே தொடங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

புரதத்தைக் கூட்டவென்று ஸ்மூதியில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றுகிற ஜிம் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 1998இல் பெல்ஜியத்தில் செய்த ஆய்வொன்றில், அவித்த முட்டையின் புரதத்தில் 90 வீதமளவு உடலில் செரித்துச் சேர்ந்தபோது, பச்சை முட்டையில் பாதியளவுதான் சேர்ந்தது. சல்மனெல்லா கிருமியின் ஆபத்து வேறு. முட்டை வேண்டுமென்றால் அவித்து, ஸ்மூதிக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுங்கள்.

கரண்ட் இல்லாத நாளில்

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்தை யாரும் மறக்கவில்லை. பால்மாவுக்கு வரிசையில் நின்றதையும் மறக்கவில்லை. அந்த ஆண்டு இலங்கையில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போதிய உணவு உறுதி இல்லாமல் இருந்தார்கள் என்று உலக உணவுத் திட்டம் கணக்கிட்டது. இறக்குமதியை நம்பிய குசினி எவ்வளவு சீக்கிரம் வெறுமையாகும் என்று அப்போது கண்டோம்.

பிளெண்டர் இல்லாமலும் இதைச் செய்யலாம். வாழைப்பழத்தைக் கையால் கூழாக மசித்து, தயிரைச் சட்டியிலிட்டு மத்தால் கடைந்து, வறுத்த மாவையும் அம்மியில் பொடித்த கச்சானையும் கட்டியில்லாமல் கலக்கினால் போதும். கொஞ்சம் நறநறப்பாக இருக்கும். புரதம் ஒரு கிராமும் குறையாது. பிறிட்ஜ் இல்லாத வீட்டில் கலந்த உடனேயே குடித்து முடிக்க வேண்டும். மட்டக்களப்பு வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைப்பது ஆபத்து.

சீனியைப் பற்றி ஒரு கடுமையான வார்த்தை

நம் ஜூஸ் கடைகளில் ஒரு கிளாஸ் பழச்சாற்றுக்குப் போகிற சீனியைப் பார்த்தால் மனம் பதறும். இலங்கையில் 2016 ஓகஸ்டிலிருந்து இனிப்பு மென்பானப் போத்தல்களில் சீனி அளவுக்கு ஏற்ப நிறக்குறி இருக்கிறது. கூடிய அளவுக்குச் சிவப்பு. கடையில் கலந்து கொடுக்கும் ஸ்மூதிக்கும் வீட்டில் அடிக்கும் ஸ்மூதிக்கும் அந்தக் குறி இல்லை. நாமே கணக்குப் பார்க்க வேண்டும்.

சேர்க்கும் சீனியும் தேனும் பாணியும் பழச்சாறும் எல்லாம் சேர்ந்து நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. இரண்டு மேசைக்கரண்டி சீனி போட்டால் அந்த அளவு அங்கேயே முடிந்துவிடும். கதலியும் மாம்பழமும் பழுத்திருந்தால் அவற்றின் இனிப்பே போதும். முதல் வாரம் சப்பென்று இருக்கும். பிறகு நாக்கு பழகிக்கொள்ளும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

நீரிழிவு உள்ளவர்கள் பழத்தைப் பாதியாக்கி, தயிரையும் கச்சானையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். மாம்பழத்தைவிடக் கொய்யாவும் பப்பாளியும் அவர்களுக்கு நல்லது. குடித்தபின் இரத்தச் சீனியைச் சோதித்துப் பார்த்தால் தங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும்.

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரத அளவு மருத்துவர் சொல்லித்தான் தெரிய வேண்டும். வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியமும் அவர்களுக்குக் கூடாமல் போகலாம். டொக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

கிளினிக்கில் இரும்புச் சத்துக் குளிசை எடுக்கும் கர்ப்பிணிகள் குளிசையைத் தயிரோடும் பாலோடும் சேர்த்துக் குடிக்கக் கூடாது. கல்சியம் இரும்பை உறிஞ்சவிடாது. இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். சந்தேகம் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் கூடாது. கச்சான் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். முதலில் மிகச் சிறிய அளவு கொடுத்துப் பார்க்க வேண்டும். தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும் என்பதால் விழுதாக்கியே கொடுங்கள்.

வளவுக்குள் இரண்டு மரம்

நல்ல கன்று வைத்தால் ஓராண்டுக்குள் பப்பாளி காய்க்கத் தொடங்கும். வாழையும் ஏறத்தாழ ஓராண்டில் குலை தரும். இரண்டுக்கும் எதிரி வேரில் தேங்கும் நீர். மாரியில் வெள்ளம் நிற்கிற ஊர்களில் மண்ணை மேடாகக் குவித்து, அதன்மேல் நட வேண்டும். மணல் தரையில் சாணமும் குசினிக் கழிவும் போட்டு மூடாக்கு இட்டால் ஈரம் தங்கும். பழம் எல்லாம் ஒரே நேரத்தில் பழுத்து வீணாகாமல் இருக்க, துண்டாக்கி உறையவைக்கலாம். பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது அதைவிட நல்லது. அவர்கள் வீட்டு மாம்பழம் பிறகு நம் வேலிக்கு வரும்.

தயிருக்கு நிலம் வேண்டும்

பழத்தை வளவில் வளர்த்துவிடலாம். பாலை அப்படி வளர்க்க முடியாது. மட்டக்களப்பின் மாடுகள் வயல் அறுவடைக்குப் பிறகு வயல்வெளியில் மேயும். பெரும்போக வேளாண்மை தொடங்கியதும் அவற்றை ஓட்டிக்கொண்டு போக ஓர் இடம் வேண்டும். பரம்பரை பரம்பரையாகப் பண்ணையாளர்கள் போகிற இடம் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை. தன்னாமுனை இருக்கிற அதே ஏறாவூர்ப்பற்று செங்கலடிப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது அந்த நிலம்.

அங்கே வெளியிலிருந்து வந்தவர்கள் நிலத்தைப் பிடித்துப் பயிரிடுகிறார்கள், மாடுகள் சுடப்படுகின்றன, வெட்டப்படுகின்றன என்று பண்ணையாளர்கள் நீண்டகாலமாக முறையிட்டு வருகிறார்கள். 2023 செப்ரெம்பரில் அவர்கள் சித்தாண்டியில் சுழற்சிமுறைப் போராட்டம் தொடங்கினார்கள். நாள்கள் மாதங்களாகியும் அவர்கள் வீதியோரத்தில் இருந்தார்கள். அதைப் பண்ணையாளர் பிரச்சினை என்று மட்டும் பார்த்துக் கடந்துபோனவர்கள் நம்மில் பலர்.

நம் பிள்ளைகளின் காலைக் குவளைக்கு 150 கிராம் தயிர் போகிறது. மேய்ச்சல் தரை சுருங்கினால் மாடு குறையும், பால் குறையும், சட்டித் தயிரின் விலை ஏறும். முதலில் அதை விடுகிற வீடு, புரதம் அதிகம் தேவைப்படுகிற ஏழை வீடாகத்தான் இருக்கும். பிறகு அந்த வீட்டுப் பிள்ளைக்கு மிஞ்சுவது இறக்குமதிப் பால்மாத் தேநீரும் சீனியும்.

ஆகவே ஸ்மூதி செய்யக் கற்றுக்கொள்வதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. வீதியோரத்தில் சட்டித் தயிர் விற்கிறவரிடம் வாங்குங்கள். சத்துமா திரிக்கிற பெண்ணிடம் வாங்குங்கள். பள்ளிக்கூடக் கன்ரீனில் சீனிப் பானத்துக்குப் பதில் தயிரும் பழமும் வைக்கச் சொல்லிப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். மேய்ச்சல் தரையை எல்லையிட்டு, வர்த்தமானியில் அறிவித்து, பண்ணையாளருக்கு உறுதிப்படுத்தித் தர வேண்டும் என்று வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். சித்தாண்டியில் இருந்தவர்கள் கேட்டது அவர்களுடைய மாடுகளுக்கு மட்டுமான நிலமல்ல. இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவருடைய உடம்பிலும் சேர வேண்டிய புரதமும் அந்தக் கோரிக்கைக்குள் இருக்கிறது.